சேர்க்கைக்குப் பிறகுதான் வேலை: சிறப்புத் தேவையுள்ள பிள்ளை பொதுப்பள்ளியில் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சட்டத்தில் குழப்பம் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசு நடத்தும் பள்ளியானாலும் சரி, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியானாலும் சரி, குறைபாட்டைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. கடலூரிலும் புதுச்சேரியிலும் பெரும்பாலான தலைமையாசிரியர்களுக்கு இது தெரியும். அதனால் சிக்கல் இப்போது பள்ளி வாசலில் இல்லை, வகுப்பறைக்குள் இருக்கிறது. பிள்ளை சேர்க்கப்படுகிறான். பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் பெயர் ஏறுகிறது. கடைசி பெஞ்சில் உட்காருகிறான், சத்துணவு சாப்பிடுகிறான், நான்கு மணிக்கு வீடு திரும்புகிறான். ஐந்து ஆண்டுகள் இப்படியே கழிந்துவிடும். யாரும் அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. யாரும் எதையும் கற்றுத் தரவும் இல்லை.

இந்த வழிகாட்டி அந்த ஐந்து ஆண்டுகளைப் பற்றியது. பெற்றோர், வகுப்பாசிரியர் இருவரையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். சான்றிதழ், அட்டை, உதவித்தொகை எல்லாம் வரும். ஆனால் அவை அலுவலகக் கதவுகளைத்தான் திறக்கும். வகுப்பறைக் கதவைத் திறப்பது, அந்தப் பிள்ளையை அறிந்தவர்கள் கையால் எழுதிய ஒரே ஒரு தாள். அது நான்காம் படியில் வருகிறது. பொறுமை இல்லாதவர்கள் நேராக அங்கே போய்விட்டுத் திரும்பி வரலாம்.

முதல் படி: பெயர் வைக்கும் முன் பார்த்து எழுதுங்கள்

"கவனமே இல்லை", "மந்தம்", "சோம்பேறி". பெற்றோர் கூட்டத்தில் இந்தச் சொற்கள் வந்தால், ஆசிரியரிடம் சண்டைக்குப் போகாமல் ஒன்று மட்டும் கேளுங்கள்: "எப்போது, எந்த வேலையில், டீச்சர்?" பதில் கிடைக்கும்போது பிள்ளையின் உண்மையான நிலை தெரியும். "கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது இரண்டாவது வரியை விட்டுவிடுகிறான்" என்பது பயனுள்ள தகவல். கண்ணாக இருக்கலாம், எழுத்துக் குறைபாடாக இருக்கலாம், முன்னால் உட்கார்ந்திருப்பவன் மறைப்பதாகவும் இருக்கலாம். "கவனம் இல்லை" என்பதை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் எதுவும் செய்ய முடியாது.

எதற்கும் முன்னால் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். மூக்கொழுகலும் காதில் சீழும் அடிக்கடி வரும் பிள்ளைக்கு, வகுப்பில் சொல்வதில் பாதி கேட்காமலே போயிருக்கும். அதற்குப் பிடிவாதக்காரன் என்ற பெயர் கிடைத்திருக்கும்.

வாசிப்புக் குறைபாடு நம் பக்கத்தில் தாமதமாகவே கண்ணில் படுகிறது. ஆங்கிலத்தில் பி, டி எழுத்துகளைத் திருப்பிப் போடுவதுதான் அடையாளம் என்று பலர் கேள்விப்பட்டிருக்கிறார்கள். தமிழில் அது வேறு இடங்களில் தலைகாட்டும். புள்ளியை விட்டுவிடுவது, குறிலையும் நெடிலையும் மாற்றுவது ஆகியவை எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். மூன்றாம் வகுப்பு முடிந்த பிறகும் குறையாமல் இருந்தால்தான் கவலைக்குரியது. நான் முதலில் பார்ப்பது ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும். 'கெ' என்பதில் 'க்' ஒலிதான் முதலில் வருகிறது. ஆனால் கை முதலில் எழுத வேண்டியது கொம்பை. 'கொ' என்றால் எழுத்தின் இரு பக்கமும் குறி. ஒலியின் வரிசையும் எழுத்தின் வரிசையும் ஒத்துப்போகாத இந்த இடத்தில் சில பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் தடுக்கி விழுகிறார்கள். 'தேங்காய்' என்பதைத் தடையில்லாமல் சொல்பவள், எழுதும்போது கொம்பை 'த'வுக்குப் பின்னால் கொண்டுபோய் வைப்பாள். மூன்று சுழி, இரண்டு சுழி குழப்பம் வேறு; அது ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது, அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

இரண்டு வாரம் குறிப்பு எடுத்தால் போதும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இதற்கென்றே 'நலம் நாடி' செயலி இருக்கிறது. சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளையும் கேள்விகள் வழியாகச் சலித்துப் பார்க்க உதவும். கேள்விகளை வகுப்பில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே நிரப்புங்கள்; ஆசிரியர் அறையில் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பினால் அது வெறும் படிவம்தான்.

இரண்டாம் படி: பரிசோதனைக்கு எங்கே போவது

கடலூர் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு அருகில் இருப்பது வட்டார வள மையம். அங்கே சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறைச் சிகிச்சையாளரும் இருப்பார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார அளவில் மருத்துவ மதிப்பீட்டு முகாம்களும் நடக்கின்றன. எலும்பு, கண், காது மூக்குத் தொண்டை, மனநல மருத்துவர்கள் ஒரே இடத்துக்கு வருவதால், தனித்தனியாக அலைவது மிச்சம். தேதியைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சில பள்ளிகளில் முந்தின நாள் மாலைதான் சொல்வார்கள், அன்றைக்கு நீங்கள் கூலி வேலைக்கு ஒப்புக்கொண்டிருப்பீர்கள்.

உலக வங்கி உதவியுடன் நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் கடலூர் மாவட்டமும் தொடக்கக் கட்டத்திலேயே சேர்க்கப்பட்டது. இதன்கீழ் திறக்கப்படும் 'விழுதுகள்' மையங்களில் பேச்சுப் பயிற்சி, இயன்முறைச் சிகிச்சை, செயல்முறைப் பயிற்சி, சிறப்புக் கல்வி, உளவியல் ஆலோசனை ஆகியவற்றை ஒரே கூரையின் கீழ் பெறலாம்.

சிறு குழந்தைகளுக்கு, குறிப்பாக ஆறு வயதுக்குள் பேச்சு வராதவர்களுக்கும் நடை தாமதமானவர்களுக்கும், அரசு மருத்துவமனை சார்ந்த மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையமே முதல் இடம். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், பாகூர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மாநில எல்லை பெயருக்குத்தான். கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் அவர்களுக்கு எட்டும் தூரம். ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் சேர்ந்திருந்தால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகைக் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனத்துக்கு ஒரு முறை போய்வருவது நல்லது. புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு அந்தச் சாலை வழியாகப் போகும் பஸ் போதும்.

எங்கே போனாலும் முதல் படியில் எழுதிய குறிப்பையும், பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகங்கள் இரண்டையும் கையோடு எடுத்துப் போங்கள். புது நோட்டு வேண்டாம். அடித்தல் திருத்தலோடு இருக்கும் நோட்டுதான் பேசும்.

வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் வரும் சிரமத்தைச் சட்டம் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்கிறது; அதற்கு எட்டு வயதுக்கு முன் சான்றிதழ் தருவதில்லை. எட்டு வயதில் தந்ததையும் 14, 18 வயதுகளில் மறுபடி மதிப்பிட வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு, "எட்டு வயது ஆகட்டும்" என்று சும்மா இருப்பவர்கள் உண்டு. சான்றிதழுக்குத்தான் வயது வரம்பு. கற்பிப்பதற்கு எந்த வரம்பும் கிடையாது.

மூன்றாம் படி: அட்டையும் சான்றிதழும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு மட்டும் வழிகாட்ட ஊரில் ஆள் இருக்கிறார்கள். யு.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கு ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று, இருக்கிற மருத்துவக் குறிப்புகள் ஆகியவை தேவை. அட்டை இந்தியா முழுவதும் செல்லும். ஆனால் உதவித்தொகை, பயணச் சலுகை போன்றவை வசிக்கும் மாநிலத்தைப் பொறுத்தவை: கடலூர்க்காரர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும், புதுச்சேரிக்காரர்கள் சமூகநலத் துறைக்கும் போக வேண்டும். தாய்வீடு பாகூரில், புகுந்த வீடு கடலூரில் என்று இருக்கும் குடும்பங்களில் பிள்ளையின் ஆதார் ஒரு முகவரியிலும் குடும்ப அட்டை இன்னொரு முகவரியிலும் கிடக்கும். விண்ணப்பிக்கும் முன் இதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

சான்றிதழில் குறைபாட்டின் அளவைச் சதவீதத்தில் எழுதுவார்கள். 40 சதவீதம் என்பது சட்டத்தின் சில பலன்களுக்கான அளவு. உதாரணமாக, 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற அது தேவை. உங்கள் பிள்ளைக்கு 30 சதவீதம் என்று வந்தால், வகுப்பில் முன்னால் உட்கார வைக்கக்கூட உரிமை இல்லை என்று அர்த்தம் அல்ல. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. பயிற்சிச் சிகிச்சைகளுக்கும் இது கைகொடுக்கும்.

தனியார் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டிலும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வருகிறார்கள். 2012 திருத்தம் அதை உறுதிசெய்தது. சேர்க்கும்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வோ நேர்காணலோ வைக்கக் கூடாது.

நான்காம் படி: ஒரு பக்கக் குறிப்பு

மருத்துவ அறிக்கை ஆறு பக்கம் இருக்கும். வகுப்பாசிரியர் அதைப் படிக்க மாட்டார். படித்தாலும் 'மிதமான' என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் மனத்தில் நிற்காது. அதனால் நீங்களே எழுதுங்கள். ஒரே பக்கம், பிள்ளையே பேசுவதைப் போல. மாதிரிக்கு ஒன்று:

"நான் நான்காம் வகுப்பு படிக்கிறேன். எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. தமிழ் எழுத்துகள் எல்லாம் தெரியும், சேர்த்துப் படிக்க நேரம் ஆகும். கூட்டல் கழித்தலை வாயால் சொல்வேன், எழுதச் சொன்னால் நிறுத்திவிடுவேன். பின்னாலிருந்து தோளைத் தொட்டால் கத்துவேன். முன்னால் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பார்ப்பேன். சிறுநீர் கழிக்க வேண்டும் என்று கேட்க வராது. பெஞ்சைத் தட்டினால் அதுதான். மணிச் சத்தம் வலிக்கும். அடிக்கப்போவதை முன்பே சொன்னால் காதைப் பொத்திக்கொண்டு சமாளிப்பேன். உப்புமா தொட மாட்டேன், பொங்கல் சாப்பிடுவேன். எனக்குப் பஸ்கள் மிகவும் பிடிக்கும். நான் அழுதால் சுற்றி நின்று சமாதானம் செய்யாதீர்கள். ஜன்னல் பக்கம் ஐந்து நிமிடம் நிற்க விடுங்கள்."

கடைசியிலிருந்து மூன்றாவது வரியைக் கவனியுங்கள். பஸ் பிடிக்கும் என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தலாம். கடலூர் பஸ் நிலையத்தில் நிற்கும் பெயர்ப் பலகைகளை அட்டையில் எழுதுங்கள்: பண்ருட்டி, சிதம்பரம், விருத்தாசலம், குறிஞ்சிப்பாடி, நெல்லிக்குப்பம். 'நெல்லிக்குப்பம்' ஒன்றிலேயே கொம்பு, ஒற்று, உகரம் எல்லாம் வந்துவிடுகின்றன. பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்தாலே முகத்தைத் திருப்புபவன், அந்த அட்டையைக் கையிலிருந்து பிடுங்கிப் படிப்பான். பிறகு டிக்கெட் விலை, மீதிச் சில்லறை, எத்தனை மணிக்கு வண்டி என்று கணக்குக்கு நகரலாம்.

குறிப்பில் என்ன இருக்கக் கூடாது என்பதும் முக்கியம். நோயின் வரலாறு, யார் குடும்பத்தில் யாருக்கு இருந்தது, எந்தக் கோயிலுக்கு வேண்டிக்கொண்டீர்கள் என்பதெல்லாம் வேண்டாம். இரண்டு பிரதிகள் எடுத்து ஒன்றை வகுப்பாசிரியரிடமும் ஒன்றைத் தலைமையாசிரியரிடமும் கொடுங்கள். சத்துணவு அமைப்பாளருக்கும், வேன் ஓட்டுநருக்கும் வாயால் சொல்லிவிடுங்கள். பிள்ளையின் ஒரு நாளில் இவர்களுக்கும் பங்கு உண்டு. ஜூனில் எழுதியது ஜனவரியில் பழையதாகிவிடும், திருத்தி எழுதுங்கள்.

ஐந்தாம் படி: வகுப்பறைக்குள்

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவனுக்காக எப்படித் தனியாகச் செய்வது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. இதற்கு நேர்மையான பதில்: தனியாகச் செய்ய முடியாது, ஆனால் கீழே சொல்லும் பெரும்பாலானவை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். ஒன்றாம் வகுப்பிலிருந்தே அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகக் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' முறை கையில் இருக்கிறது. நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு அரும்பு நிலைப் பயிற்சி கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அரும்பிலேயே ஆண்டு முழுவதும் விட்டுவிடுவது வேறு விஷயம்.

வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளையை முன்னறிவிப்பின்றி எழுப்பி உரக்கப் படிக்கச் சொல்லாதீர்கள். இது ஒன்றை நிறுத்தினாலே பாதி வயிற்றுவலிகள் போய்விடும். திங்கள் காலை வரும் வயிற்றுவலியைச் சொல்கிறேன். நாளை படிக்க வேண்டிய பத்தியை இன்றே காட்டி, வீட்டில் பார்த்துவரச் சொல்லுங்கள். வரிக்குக் கீழே அளவுகோலை வைத்துப் படிக்கட்டும். கரும்பலகையில் எழுதியதைப் படம் பிடித்து அம்மாவின் கைபேசிக்கு அனுப்புங்கள், அல்லது பக்கத்திலிருப்பவளின் நோட்டை நகல் எடுத்துக் கொடுங்கள். அறிவியல் விடைத்தாளில் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். அங்கே நீங்கள் சோதிப்பது ஒளிச்சேர்க்கையை. எழுத்துப் பயிற்சியைத் தனியாக, நாளுக்குப் பத்து நிமிடம், ஒரே வகைச் சொற்களாகக் கொடுங்கள்: இன்று ஒற்றைக் கொம்பு, அடுத்த வாரம் இரட்டைக் கொம்பு. ஒலியை முதலில் பிரித்துச் சொல்லட்டும், பிறகு 'எழுதும்போது கொம்பு முன்னால்' என்று வாயால் சொல்லிக்கொண்டே எழுதட்டும்.

இங்கே ஒரு வார்த்தை: டியூஷன். மாலை ஐந்து முதல் எட்டு வரை, பகலில் புரியாத அதே பாடத்தை அதே வழியில் இன்னும் வேகமாகச் சொல்லும் இடத்துக்குப் பிள்ளையை அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த நேரத்தில் அவன் விளையாடட்டும்.

கணக்கில் பின்தங்கும் பிள்ளைக்கு இலக்கங்கள் கையில் கிடைக்க வேண்டும். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையத்தில் கட்டி வையுங்கள். 32 என்றால் மூன்று கட்டு, இரண்டு உதிரி. 32லிருந்து 15 கழிக்க வேண்டும் என்றால், ஒரு கட்டைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்; 'கடன் வாங்குவது' என்று நாம் மந்திரம்போல் சொல்வது என்னவென்று அப்போது கண்ணுக்குத் தெரியும். எண்ணுவதற்குப் புளியங்கொட்டை போதும். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை தாராளமாகக் கிடைக்கும், ஆனால் ஓட்டோடு கொடுத்துவிடாதீர்கள். அதன் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும்.

காது கேட்கும் கருவி போட்ட பிள்ளைக்கு நீங்கள் பேசும்போது உங்கள் முகம் தெரிய வேண்டும். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. எழுதி முடித்துத் திரும்பிய பிறகு பேசுங்கள். கடகடக்கும் மின்விசிறிக்கு அடியில் அவளை உட்கார வைக்காதீர்கள், கருவி அந்தச் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். பார்வை குறைந்தவர்களுக்கு ஜன்னல் வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். கரும்பலகை பளபளத்தால் எழுத்து தெரியாது. மூளை முடக்குவாதம் உள்ளவருக்குக் காலை ஊன்ற இடம் இல்லாமல் கை எழுதாது. பெஞ்சு உயரமாக இருந்தால் காலுக்குக் கீழே ஒரு பலகை போடுங்கள். செலவில்லாத வேலை இது.

துறுதுறுப்பும் கவனச்சிதறலும் உள்ள பிள்ளைக்கு நகர்வதற்கு நியாயமான காரணம் கொடுங்கள்: சாக்பீஸ் எடுத்து வரட்டும், வருகைப் பதிவேட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். ஒரே மூச்சில் ஐந்து கட்டளைகள் வேண்டாம், இரண்டு போதும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அன்றைய நாள் எப்படிப் போகும் என்பது முன்பே தெரிய வேண்டும். பிரார்த்தனை, தமிழ், கணக்கு, சாப்பாடு, விளையாட்டு, வீடு என்று படங்களை வரிசையாக ஒட்டி வைத்து, முடிந்ததை ஒவ்வொன்றாக அகற்றுங்கள். நம் ஊருக்கு இன்னொரு படமும் வேண்டும்: மழை விடுமுறை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆட்சியர் காலையில் விடுமுறை அறிவிப்பார். சீருடை போட்டு, பையை மாட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு அது உலகம் தலைகீழானதற்குச் சமம். மழைப் படத்தை எடுத்துப் பள்ளிப் படத்தின் மேல் ஒட்டி, 'இன்று மழை, நாளை பார்க்கலாம்' என்று ஒரே வாக்கியத்தை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். 2024 இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது நடந்ததைப் போலப் பள்ளி பல நாள் மூடிக் கிடந்து திறந்தால், முதல் நாள் அரை நாளாகத் தொடங்குவது நல்லது.

வலிப்பு வரும் பிள்ளை வகுப்பில் இருந்தால் எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் வலிப்பு நிற்காது. வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையைக் காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108ஐ அழையுங்கள்.

துணைக்கு ஒரு பிள்ளையை உட்கார வைப்பது நல்ல வழிதான், ஆனால் கவனம் தேவை. நன்றாகப் படிக்கும், சொன்னதைக் கேட்கும் ஒரே பெண் பிள்ளையின் தலையில் ஆண்டு முழுவதும் இந்தப் பொறுப்பு விழுவதைப் பார்க்கிறேன். அவளும் குழந்தைதான். வாரம் ஒருவராக மாற்றுங்கள். கழிப்பறைக்குக் கூட்டிப்போவது எந்தப் பிள்ளையின் வேலையும் அல்ல.

அம்மாவை நாள் முழுவதும் வகுப்பு வாசலில் உட்காரச் சொல்லும் பள்ளிகளும் உண்டு. முதல் ஒரு வாரம் சரி. அதற்குமேல் போனால் வீட்டின் ஒரு வருமானம் நிற்கும். பிள்ளையும் ஆசிரியர் பக்கம் திரும்பாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருப்பான். "எந்த நேரத்தில் சிரமம், சார்? அந்த நேரத்துக்கு மட்டும் வருகிறேன், எந்தத் தேதி வரை என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். தேதி கேட்பதுதான் முக்கியம்.

ஆறாம் படி: எழுத்தில் ஒரு திட்டம்

சிறப்புப் பயிற்றுநர் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் தயாரிக்க வேண்டும். ஒருவர் பல பள்ளிகளைப் பார்ப்பதால், அவர் உங்கள் பள்ளிக்கு வரும் நாள் மிகவும் மதிப்புள்ளது. அந்த நாளைக் கேட்டு, வகுப்பாசிரியர், பயிற்றுநர், நீங்கள் மூவரும் இருபது நிமிடம் உட்காருங்கள். ஒரு பருவத்துக்கு மூன்று இலக்குகளுக்குமேல் எழுத விடாதீர்கள். "வாசிப்புத் திறனை மேம்படுத்துதல்" என்பது இலக்கு அல்ல. "டிசம்பருக்குள் இரட்டைக் கொம்பு உள்ள இருபது சொற்களைப் படிப்பாள்" என்பது இலக்கு, டிசம்பரில் சரிபார்க்கலாம். மூன்றில் ஒன்று படிப்பு சாராததாக இருக்கட்டும்: தானே தட்டு கழுவுவது, தேவையைக் கேட்பது, பஸ்ஸில் ஏறி இறங்குவது. வீட்டில் என்ன, பள்ளியில் என்ன என்று பிரித்து எழுதிக் கையெழுத்து போடுங்கள்.

பள்ளிக்கு வரவே முடியாத அளவு கடுமையான குறைபாடு இருந்தால் வீட்டிலேயே கல்வி பெறும் உரிமையும் இருக்கிறது. ஆனால் வரக்கூடிய பிள்ளையை வீட்டுவழிக் கல்விக்கு மாற்றப் பள்ளியே ஆர்வம் காட்டினால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் பள்ளி மேலாண்மைக் குழுவின் துணைத் தலைவர் பொறுப்புக்கு மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் பெற்றோருக்கு முன்னுரிமை உண்டு. சாய்தளம், கழிப்பறைக் கைப்பிடி, உடைந்த படி எல்லாம் அந்தக் கூட்டத் தீர்மானத்தில்தான் ஏற வேண்டும். சாய்தளம் இருக்கிறது என்று பதிவேட்டில் இருந்தால் போதாது; ஒருமுறை சக்கர நாற்காலியைத் தள்ளிப் பாருங்கள். பல இடங்களில் சுவரைப் போல் செங்குத்தாக இருக்கும்.

ஏழாம் படி: தேர்வுச் சலுகைகள்

எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறுபடுவது இங்கேதான். கடலூர் மாவட்டப் பிள்ளை பத்தாம் வகுப்பில் தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தேர்வை எழுதுகிறாள். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் படிப்படியாக சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன, 2025இல் அவற்றின் மாணவர்கள் முதன்முறையாக அந்த வாரியத்தின் பொதுத்தேர்வை எழுதினார்கள். புதுச்சேரியின் தனியார் பள்ளிகள் பலவற்றில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டமே தொடர்கிறது. எனவே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது உங்கள் பிள்ளைக்கும் அதே வடிவில் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். எந்த வாரியம் என்று முதலில் பாருங்கள்.

தமிழ்நாட்டில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப் பாடத்தில் விலக்கு ஆகியவை குறைபாட்டின் வகையைப் பொறுத்துக் கிடைக்கின்றன. பள்ளி வழியாக மருத்துவச் சான்றுடன் விண்ணப்பிக்க வேண்டும். சி.பி.எஸ்.இ.யில் ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடம் கூடுதல், எழுதுபவர், மொழியையும் பாடத்தையும் தேர்ந்தெடுப்பதில் தளர்வு ஆகியவை உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பதிவின்போதே பிள்ளையின் நிலையைச் சரியாகக் குறிப்பிட வேண்டும். இரண்டிலுமே எட்டாம் வகுப்பு முடிவதற்குள் சான்றிதழ் கையில் இருப்பது பாதுகாப்பு. பத்தாம் வகுப்பு டிசம்பரில் ஓடத் தொடங்குபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. எழுதுபவர் வேண்டுமென்றால் 40 சதவீதம் இருந்தே தீர வேண்டும் என்று யாராவது சொன்னால், 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை என்பதைச் சொல்லுங்கள்.

சலுகை கிடைத்தால் போதாது, பழக வேண்டும். விடையைச் சொல்லி எழுத வைப்பது தனித் திறமை. "அடுத்த பத்தி", "அடைப்புக்குறி", "அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள்" என்று சொல்லத் தெரிய வேண்டும். எழுதுபவரின் கை வேகத்துக்கு நிற்கத் தெரிய வேண்டும். எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புக் காலாண்டிலிருந்தே பள்ளித் தேர்வுகளில் இதே ஏற்பாட்டைக் கேட்டு வாங்குங்கள். முன்பின் தெரியாத ஆசிரியரிடம் முதல்முறையாகப் பொதுத்தேர்வு அறையில் வாய் திறக்கும் கூச்சமுள்ள பிள்ளை, தெரிந்த விடையையும் விழுங்கிவிடுவாள்.

மொழி விலக்கை அவசரப்பட்டு வாங்காதீர்கள். பின்னால் எந்தப் படிப்புக்கு, எந்த வேலைக்கு அந்தப் பாடம் கேட்கப்படும் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பொதுத்தேர்வே சுமையாக இருந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியும் இருக்கிறது. ஐந்து பாடங்கள், ஒவ்வொன்றாகவும் எழுதி முடிக்கலாம்.

எட்டாம் படி: நகராத இடத்தில்

முதலில் வாய்ப்பேச்சு, பிறகு தலைமையாசிரியருக்குத் தேதியிட்ட கடிதம், நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து. அடுத்து வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர். கடலூரில் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கும் மனுவுக்கு எண் கிடைக்கும். அந்த எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் பள்ளிக் கல்வி இயக்ககம். அதற்கும் மேல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார்.

கடிதத்தில் ஆத்திரம் வேண்டாம், கோரிக்கையை ஒன்றாகக் குறுக்குங்கள். "என் மகனைப் பாகுபாட்டுடன் நடத்துகிறார்கள்" என்ற கடிதத்துக்கு "அப்படியேதும் இல்லை" என்று பதில் வரும். "ஐந்தாம் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தருமாறு" என்ற கடிதத்துக்கு ஆம் அல்லது இல்லை என்றுதான் பதில் சொல்ல முடியும்.

ஒன்பதாம் படி: பள்ளி மாறும்போது

ஐந்திலிருந்து ஆறுக்குப் போகும்போதுதான் நிறையப் பிள்ளைகள் தொலைந்துபோகிறார்கள். ஒரே வகுப்பாசிரியர் இருந்த இடத்தில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர். யாருக்கும் முழுப் பிள்ளையைத் தெரியாது. மாற்றுச் சான்றிதழோடு ஒரு பக்கக் குறிப்பையும், கடைசித் திட்டத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். எமிஸில் குறைபாட்டு விவரம் புதிய பள்ளிக்குச் சரியாகப் போயிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சிறப்புப் பயிற்றுநரின் பட்டியலில் பெயர் வராது. மே மாதத்தில், ஆள் இல்லாத நேரத்தில், புதிய பள்ளியின் வகுப்பறை, கழிப்பறை, தண்ணீர்க் குழாய், வெளிவாசல் நான்கையும் பிள்ளைக்குக் காட்டிவிடுங்கள். கைபேசியில் படம் எடுத்து விடுமுறை முழுவதும் பார்க்க விடுங்கள். பழைய வகுப்பாசிரியரும் புதியவரும் ஒருமுறை தொலைபேசியில் பேசிக்கொண்டால் இன்னும் நல்லது. எண்ணைக் கொடுத்து, இரண்டு பேரிடமும் நேரம் கேட்டு வைப்பது பெற்றோரின் பொறுப்பு.